புது வீட்டில் டவுன்லைட்களை எங்கெங்கே பதிப்பது என்று எப்படி முடிவு செய்வது?

ஃபால்ஸ் சீலிங் வேலை தொடங்கவிருப்பதாகவும், ஒவ்வோர் அறையிலும் சம இடைவெளியில் ஆறு டவுன்லைட்கள் (சீலிங்கில் பதித்து, கீழ்நோக்கி ஒளி வீசும் விளக்குகள்) வைத்தால் போதும் என்று எலக்ட்ரீஷியன் சொல்வதாகவும், அது சரிதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இசைந்துவிட வேண்டாம் என்பதே என் கருத்து. கட்டம் போட்டாற்போல் வரிசையாக அமைந்த விளக்குகள் அண்ணாந்து பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வெளிச்சம் தேவைப்படுவது சீலிங்கில் அல்ல. அறையின் வரைபடத்தில் கட்டில், சோபா, மேசை, அலமாரி, மின்விசிறி ஆகியவற்றை முதலில் குறித்து, எந்தப் பரப்பில் ஒளி விழ வேண்டும் என்று தீர்மானித்த பின்னரே விளக்கின் இடத்தைத் தேட வேண்டும்.

இது மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் சமையலறை. நடைபாதையின் நடுவில் விளக்கு வைத்தால், மேடையை நோக்கி நிற்பவரின் முதுகுப்பக்கம் ஒளி விழுந்து, காய் நறுக்கும் பலகையின் மேல் அவருடைய நிழலே படியும். 2 அடி அகல மேடையாக இருந்தால், சுவரிலிருந்து ஏறத்தாழ 2 அடி தள்ளி, அதாவது மேடையின் முன்விளிம்புக்கு நேர் மேலே, விளக்கின் மையம் வர வேண்டும். மேடைக்கு மேலே சுவர் அலமாரிகள் இருந்தால் அவை ஒளியை ஓரளவு மறைக்கும் என்பதால், அவற்றின் அடியில் எல்இடி பட்டை விளக்கு பொருத்துவதையும் இப்போதே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். பிறகு சுவரைக் கொத்தி வயர் இழுப்பது பெரும் தொல்லை.

இரண்டு விளக்குகளுக்கு இடையே சீலிங் உயரத்தில் பாதியளவு இடைவெளி விடலாம் என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு தொடக்கத்துக்கு உதவும். ஆனால், இடைவெளியை உண்மையில் நிர்ணயிப்பது ஒளிக்கற்றையின் கோணம். சீலிங் 9 அடி உயரத்திலும் மேடை 3 அடி உயரத்திலும் இருந்தால், இடைப்பட்ட 6 அடியில் 60 டிகிரி விளக்கு சுமார் 7 அடி விட்டத்துக்கு ஒளியைப் பரப்பும். 36 டிகிரி விளக்கோ 4 அடிக்குச் சற்றுக் குறைவாகவே பரப்பும். ஆகவே, விளக்கை வாங்கும்போது வாட் எண்ணை மட்டும் பார்க்காமல், லூமெனையும் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு) கோணத்தையும் கட்டாயம் பாருங்கள்.

வரவேற்பறையில் சுவரை ஒளியூட்ட விரும்பினால் 2 முதல் 3 அடி தள்ளி வையுங்கள். சுவரை ஒட்டி வைத்தால், பூச்சில் உள்ள மேடுபள்ளம் ஒவ்வொன்றும் நிழலாகத் தெரியும். கல் பதித்த சுவருக்கு அது அழகு, சமமாகப் பூசிய சுவருக்குக் குறை.

பலரும் கவனிக்கத் தவறுவது மின்விசிறியை. இறக்கைகளுக்கு மேலே விளக்கு இருந்தால், சுழலும் ஒவ்வோர் இறக்கையும் ஒளியை வெட்டி வெட்டி அறை முழுவதையும் துடிக்கச் செய்யும். அந்த அறையில் அமர்ந்து படிக்கவே இயலாது. 1200 மில்லிமீட்டர் விசிறி என்றால் அதன் மையத்திலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி வையுங்கள். அகன்ற கோணமுள்ள விளக்குக்கு இன்னும் அதிக தூரம் வேண்டும்.

படுக்கையறையில் தலையணைக்கு நேர் மேலே விளக்கே கூடாது, படுத்தவரின் கண் கூசும். அங்கே 2700 அல்லது 3000 கெல்வின் நிறமும் (மஞ்சள் கலந்த இதமான வெண்மை), ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும் போதும். எல்இடி விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சிறு கருவியான டிரைவர், டிம்மரோடு இணங்குவதுதானா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

துளை போடுவதற்கு முன் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே சட்டகத்தின் கம்பியோ குளிர்சாதனக் குழாயோ செல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விளக்கின் உயரமும் டிரைவரும் அடங்கும் அளவுக்கு உள்ளே இடம் வேண்டும். டிரைவர் பழுதானால் அதே துளை வழியாக வெளியே எடுக்க முடிய வேண்டும். மேலே வெப்பத் தடுப்புப் பஞ்சு இருந்தால், அதனுடன் தொட்டுக்கொண்டிருக்கலாம் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள விளக்கை மட்டுமே பயன்படுத்துங்கள். மேடை விளக்குகள், சுவர் விளக்குகள், பொது விளக்குகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி சுவிட்சு கேளுங்கள். வயரிங் முடிவதற்குள் கேட்டால் கூடுதல் வேலை அதிகம் இராது.