காட்டு உயிர்களில் இயற்கைத் தேர்வின் வலுவை எண்ணால் அளக்க முடியுமா?

"இயற்கைத் தேர்வு நடக்கிறது, சரி. அது எவ்வளவு வலுவாக நடக்கிறது என்று ஒரு எண்ணில் சொல்ல முடியுமா?" என்பது கேள்வி. முடியும். அதற்கான கணக்கு பெரிய விஷயமில்லை, கல்லூரிப் புள்ளியியல் போதும். பாடெல்லாம் ஒவ்வொரு பறவையாகப் பிடித்து, அளந்து, காலில் வளையம் மாட்டி, அடுத்த வருடம் அது உயிரோடு இருக்கிறதா என்று திரும்பப் போய்ப் பார்ப்பதில்தான்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் உதாரணம் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டாஃப்னி மேஜர் என்ற சின்னத் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973-லிருந்து அங்கே ஃபிஞ்ச் குருவிகளைக் கவனித்து வந்தார்கள். 1977-ல் மழை பொய்த்தது. மெல்லிய சிறு விதைகளெல்லாம் தீர்ந்துபோக, மிஞ்சியது பெரும்பாலும் கெட்டியான விதைகள்தான். அதில் முக்கியமானது நம் ஊர்த் தரிசில் காலைக் குத்துகிற நெருஞ்சி இருக்கிறதே, அதே பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடியின் முள்காய். அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். சுமார் 1200 நடுத்தரத் தரை ஃபிஞ்ச்களில் 180 போலத்தான் தப்பின. தப்பியவற்றின் அலகுத் தடிமன் (மேலிருந்து கீழாக) பழைய சராசரியைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அதிகம்.

அரை மில்லிமீட்டர் என்பது பெரிதா சிறிதா? மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. யானையின் தந்தத்தில் அது ஒன்றுமேயில்லை. அதனால் வித்தியாசத்தை அந்தப் பண்பின் திட்ட விலக்கத்தால் (ஒவ்வொன்றின் அளவும் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண்) வகுப்பார்கள். இந்த ஃபிஞ்ச்களில் அப்படி வகுத்தால் அரைத் திட்ட விலக்கத்துக்கும் மேலே வருகிறது, ஒரே வறட்சியில். அதுவரை முதுகெலும்புள்ள உயிர்களில் பதிவானவற்றிலேயே மிக வலுவான தேர்வு அது.

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். தடித்த அலகு உள்ள பறவைக்கு உடம்பும் பெரிது, அலகின் நீளமும் அகலமும்கூடப் பெரிது. அப்படியானால் தேர்வு விழுந்தது எதன்மேல்? வெறும் சராசரியைப் பார்த்தால் எல்லாமே கூடியிருக்கும், எல்லாமே தேர்வானது போலத் தோன்றும். 1983-ல் ரஸல் லாண்டே, ஸ்டீவன் அர்னால்டு என்ற இரண்டு பரிணாம உயிரியலாளர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு பறவையின் ஃபிட்னெஸையும் (பிழைத்ததா, எத்தனை குஞ்சு விட்டது) கூட்டத்தின் சராசரியால் வகுத்து, அதை எல்லாப் பண்புகளோடும் சேர்த்து மல்டிபிள் ரெக்ரஷனில் (பல பண்புகளின் பங்கைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் புள்ளியியல் முறை) போடுங்கள், மற்ற பண்புகளை மாறாமல் வைத்தால் இந்த ஒரு பண்பின் சரிவு, அதாவது இது கூடக் கூட ஃபிட்னெஸ் மாறும் வேகம், எவ்வளவு என்று பாருங்கள். அந்தச் சரிவுதான் பீட்டா. டாஃப்னி ஃபிஞ்ச்களை இந்த முறையில் பார்த்தபோது உடல் அளவுக்கும் அலகுத் தடிமனுக்கும் சாதகமாகத்தான் தேர்வு இருந்தது, ஆனால் அலகின் அகலத்துக்கு எதிராக! அகலம் கூடியது மற்ற இரண்டின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்ததால்தான். முதல்முறை இதைப் படித்தபோது அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை எனக்கு.

ஒரு எச்சரிக்கை. ரெக்ரஷனில் போடாத, நீங்கள் அளக்காமல் விட்ட பண்பு ஒன்று உண்மையான காரணமாக இருந்தால் இந்தக் கணக்கு அதைக் காட்டிக்கொடுக்காது.

பொதுவாக பீட்டா எவ்வளவு இருக்கும்? 2001-ல் உயிரியலாளர் கிங்சால்வரும் கூட்டாளிகளும் 2500-க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைத் திரட்டிப் பார்த்ததில், கூட்டல், கழித்தல் குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுத்தால் இடைநிலை 0.16 போல வந்தது. அதாவது பண்பு ஒரு திட்ட விலக்கம் கூடினால் ஃபிட்னெஸ் சராசரியில் 16% மாறுகிறது. இதைக்கூட அப்படியே நம்பாதீர்கள். சில டஜன் விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வில் பீட்டா தற்செயலாக மேலேயும் கீழேயும் ஆடும், குறியை நீக்கினால் அந்த ஆட்டமெல்லாம் வலுவாகத் தெரியும். அளவீட்டுப் பிழை இதற்கு நேர்மாறாகச் சரிவைக் குறைத்துக் காட்டும். முதுகலையில் நத்தை ஓடுகளை அளந்தபோது, அதே ஓட்டை மறுநாள் அளந்தால் வேறு எண் வந்தது. அன்றிலிருந்து யார் ஆய்வைப் பார்த்தாலும் இரண்டு முறை அளந்தார்களா என்றுதான் முதலில் தேடுவேன்.

அப்புறம், தேர்வு வலுவாக இருந்தால் அடுத்த தலைமுறை மாறிவிடுமா என்றால், அது வேறு கேள்வி. தேர்வின் அளவை, அந்தப் பண்பு எவ்வளவு மரபுவழி வருகிறது என்பதால் பெருக்கினால் எதிர்பார்க்கும் மாற்றம் கிடைக்கும். டாஃப்னியில் அலகுத் தடிமன் பெரும்பகுதி மரபுவழி வருவது, அதனால் வறட்சிக்குப் பின் பிறந்த குஞ்சுகளுக்கும் அலகு தடித்தே இருந்தது. ஸ்காட்லாந்தின் ரம் தீவுச் செம்மான்களில் அப்படி நடக்கவில்லை. பெரிய கொம்புள்ள ஆண்களுக்குக் குட்டிகள் அதிகம், கொம்பின் அளவு ஓரளவு மரபுவழியும் வருகிறது, ஆனாலும் தலைமுறை தாண்டிக் கொம்பு பெரிதாகவில்லை. நல்ல தீனி கிடைத்த மானுக்குக் கொம்பும் பெரிதாகிறது, இனப்பெருக்கமும் நன்றாக நடக்கிறது. குட்டிகளை அதிகமாக்கியது அந்தத் தீனி, பெரிய கொம்புக்கான மரபணுக்கள் அல்ல. அங்கே பீட்டா எவ்வளவு பெரிதாக வந்தாலும் அடுத்த தலைமுறைக் கொம்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது.