நாம் பார்ப்பதை வைத்து இணைய நிறுவனம் விளம்பர வியாபாரம் செய்யலாமா?

கேள்வி: அவிநாசி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். வீட்டின் முன்பகுதியில் ஆறு தையல் மெஷின் போட்டு பவர் டேபிள் நடத்துகிறேன். கேபிள்காரர் மூலம் ஒரு தனியார் நிறுவனத்தின் ஃபைபர் லைன் வாங்கி, ஆறு மாதத்துக்கு முன்பணமும் கட்டியிருக்கிறேன். போன மாதம் அந்த நிறுவனத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் வந்தது. பிளஸ் ஒன் படிக்கும் மகள் படித்துச் சொன்னாள். நாங்கள் இணையத்தில் எதைப் பார்க்கிறோம் என்பதை வைத்து எங்களுக்குத் தகுந்த விளம்பரங்களைக் கூட்டாளி நிறுவனங்கள் வழியாகக் காட்டுவார்களாம். ஏழு நாளில் மறுக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களாம். மறுப்பதற்குக் கொடுத்திருந்த லிங்க் திறக்கவே இல்லை. என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. அதைப் பற்றித் தேடிப் பார்த்த மறுநாளிலிருந்து கோவை ஆஸ்பத்திரி விளம்பரமாக வருகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால், 'இஷ்டமில்லைன்னா லைனைக் கட் பண்ணிக்கோங்க சார்' என்கிறார்கள். கேபிள்காரரோ, 'எனக்கொண்ணும் தெரியாதுங்ணா, எல்லாம் மேல இருந்து வர்றதுங்க' என்கிறார். எங்கள் வீதியில் இதே லைன் வைத்திருக்கும் எல்லாரும் கோபமாக இருக்கிறார்கள். சேர்ந்து கேஸ் போடலாமா? போலீசுக்குப் போகலாமா?
– பெயர் வேண்டாம், அவிநாசி வட்டம்

பதில்: கேஸ் போடலாம். ஆனால் அந்த ஆஸ்பத்திரி விளம்பரத்தை வைத்துப் போடாதீர்கள்.

உங்களுக்கு அதுதான் பெரிதாக உறுத்துகிறது, புரிகிறது. ஆனால் அந்த விளம்பரம் உங்கள் லைன் நிறுவனத்தால்தான் வந்தது என்று நிரூபிக்க முடியாது. பெரும்பாலும் அப்படி வந்திருக்கவும் மாட்டாது. தேடுபொறி, யூடியூப், ஃபேஸ்புக், ஆஸ்பத்திரிகளின் சொந்த வலைத்தளங்கள் எல்லாமே தனித்தனியாக நம்மைப் பின்தொடர்கின்றன. பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான தளங்களுக்கு நீங்கள் போகும்போது, எந்தத் தளம் என்பது லைன் நிறுவனத்துக்குத் தெரியும். அதற்குள் எந்தப் பக்கம், என்ன தேடினீர்கள் என்பது பொதுவாகத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே உங்கள் மனுவைக் கிழித்துவிடுவார். அதற்காகத் தளத்தின் பெயர் மட்டும்தானே என்று விட்டுவிடவும் முடியாது. ஒரே வாரத்தில் ஒரு கருத்தரிப்பு மையம், ஒரு நகைக்கடன் நிறுவனம், ஒரு வரன் பார்க்கும் தளம் என்று போனால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் புரிந்துவிடும்.

உங்கள் கையில் இருக்கும் உண்மையான ஆதாரம் அந்த எஸ்எம்எஸ்தான். 'உங்கள் பயன்பாட்டைப் பார்ப்போம், விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்' என்று நிறுவனமே எழுதிக் கொடுத்திருக்கிறது. இதைவிட நல்ல ஒப்புதல் வாக்குமூலம் கிடைக்காது. அதை அழித்துவிடாதீர்கள். அனுப்பியவர் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மறுப்பு லிங்கை அழுத்துவதையும் அது திறக்காமல் நிற்பதையும் இன்னொரு போனில் வீடியோ எடுத்து வையுங்கள். 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். நுகர்வோர் ஆணையங்கள் அவ்வளவு கறாராக இருப்பதில்லை என்றாலும், இணைத்துவிட்டால் எதிர்த்தரப்புக்குப் பேச்சில்லை.

அடுத்தது, ஏழு நாள் பேசாமல் இருந்தால் சம்மதமா? இல்லை. மௌனம் சம்மதம் என்பது கல்யாண வீட்டில் செல்லும், ஒப்பந்தத்தில் செல்லாது. சட்டக் கல்லூரியில் முதல் வருடமே ஒரு குதிரை வழக்கைச் சொல்லிக்கொடுப்பார்கள். இங்கிலாந்தில் ஒரு மாமா தன் மருமகனுக்கு, 'உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் குதிரை என்னுடையது என்று வைத்துக்கொள்வேன்' என்று எழுதினார். பதில் வரவில்லை. 1862இல் நீதிமன்றம், அப்படி வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டது. நமது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் சம்மதத்தை ஏதாவது ஒரு வகையில் வெளிப்படையாகத் தெரிவிக்கத்தான் சொல்கிறது. உங்கள் விஷயத்தில் மறுப்பதற்கான கதவையும் அடைத்துவிட்டு மௌனத்தைச் சம்மதம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் அனுப்பியது வேறு.

'முதல் நாளே படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களே' என்பார்கள். ஆள் வந்து லைன் இழுத்து, மோடத்தை மாட்டிவிட்டு, அவசரத்தில் நீட்டிய போனில் ஓடிபி சொன்னதைத்தான் கையெழுத்து என்கிறார்கள். அதில் இணைப்புக்கும் பில்லுக்கும் ஒப்புக்கொண்டிருப்பீர்கள். மூன்றாம் ஆளுக்கு விற்பதற்கு அல்ல.

சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்ட் 24இல் சொன்னது. பயனரின் தகவலுக்குப் பயனரே சொந்தக்காரர், நிறுவனம் வெறும் காவலர்தான் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018 ஜூலையில் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், சட்டம் அல்ல. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. சம்மதம் சுதந்திரமாக, குறிப்பாக, விவரம் தெரிந்து, நிபந்தனையின்றி, ஒரு தெளிவான செயலால் தரப்பட வேண்டும் என்கிறது அதன் 6ஆம் பிரிவு. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது கொடுத்தது போலவே சுலபமாக இருக்க வேண்டும். அறிவிப்பைத் தமிழில் படிக்கவும் வழி செய்ய வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் போடுவதும் 9ஆம் பிரிவின்படி கூடாது. மீறினால் 200 கோடி வரை அபராதம். உங்கள் வீட்டில் பிளஸ் ஒன் மகளும் அதே வைஃபையில்தானே இருக்கிறாள்?

படித்ததும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சம்மதம், அறிவிப்பு, குழந்தைகள் பற்றிய பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே வாக்கில்தான் அமலுக்கு வருகின்றன. அமலுக்கு வந்த பிறகும் அபராதம் மத்திய அரசின் கஜானாவுக்குப் போகும், உங்களுக்குப் பத்துப் பைசா வராது. இந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய மனக்குறை அதுதான். பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் நஷ்டஈடு கேட்க ஒரு வழி இருந்தது. அதையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. போதாததற்கு, பொய்ப் புகார் கொடுத்தால் உங்களுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஆகவே உங்களுக்கு இன்றைக்குக் கை கொடுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நுகர்வோர் நம்பிக்கையோடு கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டம் அனுமதிக்காத வகையில் பிறருக்குத் தருவது முறையற்ற வணிகம் என்று அதன் 2(47) பிரிவிலேயே இருக்கிறது. 'தொலைத்தொடர்பு வழக்கு இங்கே வராது' என்று நிறுவனங்கள் வருடக்கணக்காகச் சொல்லிவந்ததற்கு 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது திருப்பூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. ஒரு எச்சரிக்கை: மனுவில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் குற்றச்சாட்டை மாநில ஆணையம்தான் விசாரிக்க முடியும்; சென்னைக்கு அலைய வேண்டிவரும். 'முறையற்ற வணிகம், சேவைக் குறைபாடு' என்றே எழுதுங்கள்.

வழக்குக்கு முன்னால் ஒரு கடிதம். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம். இப்படி இருந்தால் போதும்:

'என் பெயரில் உள்ள இந்த எண் இணைப்பில் நானோ என் குடும்பத்தாரோ எந்தத் தளங்களைப் பார்க்கிறோம், எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்ற விவரங்களை விளம்பரத்துக்காகச் சேகரிக்கவோ, ஆராயவோ, பிறருக்குத் தரவோ நான் சம்மதிக்கவில்லை. ஏற்கெனவே சம்மதித்ததாக நீங்கள் கருதினால் அதை இன்றோடு திரும்பப் பெறுகிறேன். இதுவரை யாருக்கு என்ன விவரம் கொடுத்தீர்கள் என்பதை 15 நாளில் எழுத்தில் தெரிவிக்கவும். பில்லுக்காகவும் அரசு உத்தரவுப்படியும் நீங்கள் வைத்திருக்க வேண்டிய பதிவுகளை இந்தக் கடிதம் கட்டுப்படுத்தாது.'

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இணைப்புப் பதிவுகளை இரண்டு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு அரசு கொடுத்த உரிமத்தின் நிபந்தனை. நீங்கள் 'எதையும் பதியாதே' என்று எழுதினால், 'சட்டம் சொல்கிறது, முடியாது' என்று ஒரு வரியில் பதில் போட்டுத் தப்பித்துவிடுவார்கள். அதே உரிமம் வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காப்பாற்றவும் சொல்கிறது என்பதை அவர்களுக்கு நினைவுபடுத்தலாம்.

கூடவே கஸ்டமர் கேரில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எண் தராமல் பேசி முடித்தால் திரும்பக் கூப்பிடுங்கள். தீர்வு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் 39 நாளில் முடிக்க வேண்டும். டிராய்க்கு நேரடியாக எழுதிப் பிரயோஜனமில்லை, தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை.

வீதியே சேர்ந்து போடலாமா என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவில் ஒரே மாதிரிக் குறை உள்ள பலருக்காகச் சிலர் ஆணையத்தின் அனுமதியோடு வழக்குப் போட வழி இருக்கிறது. ஆனால் கடிதம் மட்டும் வீட்டுக்கு ஒன்றாகத் தனித்தனியாகப் போக வேண்டும். சம்மதம் என்பது அவரவர் சமாச்சாரம். ஊர்ப் பொதுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் 'யார் எங்கள் வாடிக்கையாளர்' என்பார்கள். அதோடு உங்கள் லைன் பில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனிப் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் போட்டிருந்தால் 'வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல' என்ற வாதம் வரும். சொந்தப் பிழைப்புக்கான தொழில் என்று பதில் சொல்லலாம்தான், ஆனால் ஆறு மெஷினும் ஆட்களும் இருக்கும்போது எதற்கு அந்த வம்பு? வீட்டு உபயோகத்துக்கு மட்டும் லைன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை முதல் மனுதாரராகப் போடுங்கள்.

போலீசுக்கு இப்போது போக வேண்டாம். ஒப்பந்தத்தை மீறித் தனிநபர் தகவலை வெளியிட்டால் மூன்றாண்டு வரை சிறை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவு சொல்கிறது; ஆனால் கெட்ட நோக்கத்தை நிரூபிக்க வேண்டும், தகவல் உண்மையிலேயே கைமாறியதா என்றே உங்களுக்குத் தெரியாது. பிரிட்டனில் பிடி (BT) என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் 2006, 2007இல் வாடிக்கையாளருக்குச் சொல்லாமலே ஃபோர்ம் என்ற விளம்பர நிறுவனத்தின் கருவியைத் தன் லைன்களில் சோதித்துப் பார்த்தது. விஷயம் வெளியே வந்ததும் பெரிய கூச்சல். குற்ற வழக்குப் போட முடியாது என்று 2011இல் அரசு வழக்குத்துறை கைவிரித்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, 2009இல், வாடிக்கையாளர்களின் எதிர்ப்புக்கு நடுவே பிடி அந்தத் திட்டத்தை மூட்டை கட்டிவிட்டது. நம் பக்கத்திலும் 2015இல் பெங்களூருவில் ஒரு கணினிக்காரர், தன் மொபைல் இணைப்பு நாம் பார்க்கும் பக்கங்களில் ஏதோ நிரலைச் செருகுவதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அதைச் செய்த வெளிநாட்டு நிறுவனம் அவருக்கே வக்கீல் நோட்டீஸ் விட்டது! நீங்களும் நிறுவனத்தின் பெயரைப் போட்டு வாட்ஸ்ஆப்பில் எழுதும்போது எஸ்எம்எஸ்ஸில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். 'திருடுகிறார்கள்' என்று எழுதாதீர்கள்.

வழக்கு முடியும்வரை வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆண்ட்ராய்டு போன் அமைப்பில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று இருக்கும். தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவைதான் டிஎன்எஸ். மகளைவிட்டு அதில் லைன் நிறுவனம் அல்லாத வேறொரு சேவையின் பெயரைப் போடச் சொல்லுங்கள். போகும் தளங்களின் பெயர் பட்டியல் லைன்காரருக்குச் சுலபமாகக் கிடைப்பது ஓரளவு குறையும், முழுக்க நிற்காது. 'இன்காக்னிட்டோ' போட்டால் லைன் நிறுவனத்துக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அது உங்கள் போனில் மட்டும்தான் தடத்தை அழிக்கும். விபிஎன், அதாவது நம் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனம் வழியாக மறைத்து அனுப்பும் செயலி, சட்டப்படி குற்றமில்லை. ஆனால் லைன்காரர் பார்த்ததை அப்புறம் விபிஎன்காரர் பார்ப்பார். இலவசமாகத் தருபவரை நம்பவே வேண்டாம்.

கேபிள்காரர் மேல் கோபப்படாதீர்கள், அவரை எதிர்மனுதாரராகவும் சேர்க்க வேண்டாம். அவர் வசூல் செய்பவர்தான். நாளைக்கு லைன் அறுந்தால் ஏணியோடு வரப்போவதும் அவர்தான். பணம் கட்டிய ரசீதையும் இணைப்பு விண்ணப்பத்தின் நகலையும் அவரிடமிருந்து வாங்கி வையுங்கள், வழக்குக்கு இரண்டும் வேண்டும். ஆறு மாதம் முடிந்து புதுப்பிக்கும்போது அவர் தன் போனிலிருந்தே உங்களுக்காக எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு முடித்துவிடுவார். பல ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது. 'என் லைனுக்கு மட்டும் டிக் போடும் முன்னால் ஒரு போன் பண்ணுங்க தம்பி' என்று இப்போதே சொல்லி வையுங்கள், அதையே ஒரு வாட்ஸ்ஆப் செய்தியாகவும் அவருக்கு அனுப்பிவிடுங்கள்.