கச்சான் காலமும் கடைசி செமஸ்டரும்

அன்புள்ள அக்கா,

நான் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கடைசி வருடம் படிக்கிறேன். வீடு உப்புவெளியில். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு விடும் ஒருவர் மே முதல் செப்டம்பர் வரை வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஸ்நோர்க்கலிங் செய்ய வருபவர்களுக்கு மாஸ்க் போடக் காட்டி, தண்ணீரில் கூடவே நிற்கும் வேலை. நாட்சம்பளமும் டிப்ஸும். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். ஆங்கிலமும் சிங்களமும் சமாளிப்பேன். ஆனால் ஓகஸ்டில் கடைசிப் பரீட்சை, அதற்குள் ஆய்வறிக்கையும் கொடுக்க வேண்டும். "முதல்ல படிப்பை முடி, கடல் எங்கேயும் போகாது" என்கிறார் அம்மா. பொம்பிளைப் பிள்ளை வெயிலிலும் தண்ணியிலும் நிற்பதா என்ற கவலையும் அவருக்கு. வகுப்பு முடிந்து பின்னேரங்களில் போகலாம் என்று நினைக்கிறேன். என்ன செய்யட்டும்?

இறுதியாண்டு மாணவி

அன்புள்ள தங்கச்சி,

வேலையை விட வேண்டாம். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் கணக்கு சரிவராது. புறாத்தீவுக்குப் பின்னேரம் யார் போகிறார்கள்? வெள்ளனப் போகிறவர்களுக்குத்தான் தெளிந்த தண்ணீரும் சனம் குறைந்த கரையும். மத்தியானத்துக்குப் பிறகு மிஞ்சுவது லைஃப் ஜாக்கெட் அலசுவதும் மாஸ்க் எண்ணி வைப்பதும்தான். உங்கள் விரிவுரைகளும் காலையில். பரீட்சையைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், அதற்கு முன்பே வருகைப் பதிவில் அடி விழும். 80 வீதம் இல்லாவிட்டால் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். ரிப்பீட் எழுதலாம்தான். ஆனால் பொதுவாக அதில் சி-க்கு மேல் போடுவதில்லை, பட்டத்துக்குக் கிடைக்கும் கிளாஸும் கைவிட்டுப் போகும்.

ஆகவே முதலாளியிடம் வேறு விதமாகப் பேசுங்கள். உள்ளூர்ச் சனம் வருவது சனி, ஞாயிறு, போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாட்களில். வெசாக், பொசனை ஒட்டி நிலாவெளி வீதியில் வான்கள் வரிசை கட்டும். அவருக்கு ஆள் போதாமல் போவது அந்த நாட்களில்தான். அவற்றுக்கு வருகிறேன், ஓகஸ்டில் பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து செப்டம்பர் வரை முழுநேரம் நிற்கிறேன் என்று சொல்லுங்கள். பரீட்சைத் திகதிகள் வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவரிடமிருந்து ஒரு "சரி" வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சீசன் சூடுபிடித்த பிறகு வாய்ப்பேச்சு ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

படகு ஓடாத நாளில் சம்பளம் உண்டா, டிப்ஸ் யாருக்கு எப்படிப் பிரியும் என்பதையும் முதலே கேளுங்கள். நாட்சம்பளக்காரருக்கும் ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈபிஎஃப், உரிமை உண்டு: உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12, ஊழியர் நம்பிக்கை நிதியான ஈடிஎஃப்புக்கு அவரே இன்னொரு 3. சின்ன இடங்களில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கேளுங்கள். நாளைக்கு ஒரு ஹோட்டலில் "அனுபவம் இருக்கிறது" என்று சொல்லும்போது காட்ட அந்தப் பதிவு உதவும்.

நீந்தத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். உப்புவெளிப் பிள்ளைக்குத் தெரியாமல் இருந்தால்தான் புதினம். ஆனால் பயத்தில் உங்கள் கழுத்தைக் கட்டிப்பிடிக்கும் பருத்த மனிதரைப் படகுக்குக் கொண்டுவருவது வேறு வித்தை. உயிர்காப்புப் பயிற்சியும் முதலுதவியும் ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இந்த சீசன் கரையில் நின்று செய்யும் வேலையை மட்டும் கேளுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இங்கே அது தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கரையோரம் குளம் மாதிரிக் கிடக்கும். அதை நம்பித் தகப்பன்மார் காற்றடைத்த மெத்தையில் பிள்ளையை ஏற்றிவிடுவார்கள், கச்சான் அதை வெளியே தள்ளிக்கொண்டு போகும். அதே மாதங்களில் காலி, ஹிக்கடுவைப் பக்கம் அலை கரைக்கு அடிப்பதால் அங்கே கடல் பழகியவர்களுக்கு இது விளங்குவதில்லை. விளங்கப்படுத்த வேண்டியவர் நீங்கள். 2003இலிருந்து புறாத்தீவு தேசியப் பூங்கா. முருகைக்கல்லில் கால் ஊன்றாதீர்கள் என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், டிப்ஸும் வராது. அப்போதும் சொல்ல வேண்டும். செட்டை நுனி கறுத்த சுறாவைக் கண்டு அலறுபவர்களும் இருப்பார்கள். பாவம், அது தன்பாட்டில் விலகிப் போய்விடும்.

அம்மா சொல்வதில் பாதி சரி. 2019இல் ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு எங்கள் சீசனின் வாசலில் வந்து விழுந்தது. அடுத்த வருடம் கொரோனா. 2022இல் பெற்றோல் வரிசை. நல்ல வருடத்திலும் வாடைக்காற்றோடு மழை வந்ததும் படகுகள் கரையேறிவிடும், சிலர் ஏப்ரல் வரை தெற்கே போய்ப் பிழைப்பார்கள். அந்த மாதங்களுக்குப் பட்டம் வேண்டும். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் வழிகாட்டி உரிமத்துக்குப் படிக்கவும் அந்த மழைக்காலம்தான் தோது.

மற்றப் பாதியில் நான் அம்மாவோடு இல்லை. எங்கள் பெண்களும் முஸ்லிம் பெண்களும் தீவு வரை வந்துவிட்டு, பிள்ளைகள் தண்ணீரில் நிற்க, உடுப்பு நனையாமல் மணலில் குந்தியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். முன்பின் தெரியாத பெடியனின் கையைப் பிடித்துக் கடலில் இறங்க அவர்களுக்கு மனம் வராது. நீங்கள் நீட்டினால் பிடிப்பார்கள். இதை அம்மாவிடம் சொல்லுங்கள், சம்பளம் பேசும்போது முதலாளியிடமும் சொல்லுங்கள். வெயிலுக்கு முழுக்கை நீச்சல் உடுப்பு இருக்கிறது.

ஆய்வறிக்கைத் தலைப்பை இன்னும் மாற்ற முடியுமா? நீங்கள் படிப்பது தொடர்பாடல். கடற்கரை எச்சரிக்கைப் பலகைகளை உள்ளூர்ப் பயணிகள் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்று ஒன்று எடுத்தால், சனி ஞாயிறு வேலையிலேயே தரவும் சேரும். மேற்பார்வையாளரிடம் இந்தக் கிழமையே கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா