வகுப்பறைத் தொழில்நுட்பத் திட்டத்துக்கு நிதி கேட்டு விண்ணப்பிப்பது எப்படி?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் வீட்டுக் கிணறு, ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றின் நீரைத் தாங்களே சோதித்து, அளவீடுகளைக் கணினியில் பதிந்து, வரைபடமாக்கிப் படிக்கும் திட்டம் ஒன்றை வகுத்திருக்கிறேன். ஸ்மார்ட் போர்டு, ஆறு டேப்லெட், நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர்கள் எனச் சேர்த்து 1,80,000 ரூபாய்க்குக் கருத்துரு தயாரித்து இரண்டு நிறுவனங்களுக்கு அனுப்பினேன். ஒன்று மறுத்துவிட்டது, மற்றொன்றிடமிருந்து பதிலே வரவில்லை. சமூக ஊடகத்தில் நிதி திரட்டலாம் என்கிறார்கள் நண்பர்கள். யாரிடம், எந்த முறையில் விண்ணப்பிப்பது? கருத்துருவின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் கருத்துருவை இரண்டு முறை படித்தேன். திட்டம் நல்ல திட்டம். அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃபுளூரைடு நிலத்தடி நீரில் மிகுந்திருப்பதால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே தேவைப்பட்ட மாவட்டத்தில், ஒரு மாணவி தன் வீட்டுக் கிணற்று நீரைச் சோதிப்பதைவிடப் பொருத்தமான அறிவியல் பாடம் வேறென்ன இருக்க முடியும்? ஆனால் அந்த மாணவி உங்கள் கருத்துருவின் நான்காம் பக்கத்தில்தான் வருகிறாள். முதல் மூன்று பக்கங்களும் பொருள்களின் விலைப் பட்டியலாக இருக்கின்றன. இத்தகைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே மாலையில் நாற்பது கருத்துருக்களைப் படிக்க வேண்டியவர் நான்காம் பக்கம் வரை காத்திருப்பதில்லை.

நிதி தருபவர் முதலில் தேடுவது, இந்தப் பணத்தால் எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில், மாணவர்கள் இப்போது செய்ய முடியாத எதைச் செய்யப்போகிறார்கள் என்பதைத்தான். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் அமிலங்கள், காரங்கள், உப்புகள் பாடம் இருக்கிறது. கணிதத்தில் புள்ளியியல் இருக்கிறது. உங்கள் திட்டம் இந்த இரண்டையும் ஒரு குடம் தண்ணீரில் இணைக்கிறது. அதையே முதல் பத்தியாக்குங்கள். உதாரணமாக இப்படித் தொடங்கலாம்: “எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், தங்கள் ஊரின் முப்பது நீர் ஆதாரங்களின் அமிலத்தன்மை, கரைந்துள்ள உப்புகளின் அளவு, ஃபுளூரைடு ஆகியவற்றை அளந்து, சராசரியும் இடைநிலையும் கணக்கிட்டு, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் வரம்புகளோடு ஒப்பிட்டு, முடிவுகளைக் கிராம சபையில் வாசிப்பார்கள்.” படிப்பவரின் கண்முன் ஒரு வகுப்பறை எழுந்துவிட்டால், அதன் பிறகு வரும் மீட்டர்களுக்கும் ரசாயனங்களுக்கும் தனியாக நியாயம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, உங்கள் கருத்துருவில் உள்ள ஒரு பிழையைத் திருத்தியாக வேண்டும். மறுத்த நிறுவனம் இதைக் கண்டுதான் மறுத்ததோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. டி.டி.எஸ். மீட்டரைக் கொண்டு ஃபுளூரைடைக் கண்டறிவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மீட்டர் நீரின் மின்கடத்துதிறனை அளந்து, கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை உத்தேசமாகக் காட்டுவது. அந்த உப்பு எது என்று அதற்குத் தெரியாது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க வரம்புக்குள் டி.டி.எஸ். இருக்கும் நீரிலும் ஃபுளூரைடு தன் உச்ச வரம்பான 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருக்கலாம். அப்படி ஒரு கிணற்று நீரை மாணவர்கள் ‘நல்ல தண்ணீர்’ என்று ஊரில் சொல்லிவிட்டால் விளைவு என்ன என்று எண்ணிப் பாருங்கள். ஃபுளூரைடுக்கு நிறமாற்ற முறையிலான கள ஆய்வுப் பெட்டி தேவை. ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் ஊராட்சிகளுக்கு இத்தகைய பெட்டிகள் வழங்கப்பட்டு, அவற்றைப் பயன்படுத்த ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டிருப்பதால், முதலில் உங்கள் ஊராட்சியில் விசாரியுங்கள். அதன் கரைசல்களை ஆசிரியரே கையாள வேண்டும். ஐந்தாறு மாதிரிகளையேனும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பி, மாணவர்களின் முடிவோடு ஒப்பிடுவதாக எழுதுங்கள். தன் அளவீட்டைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் திட்டம் என்பதைக் காட்ட இந்த ஒரு வரி போதும்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். ஸ்மார்ட் போர்டை நீக்கிவிடுங்கள். இந்தத் திட்டத்தில் அதற்கு வேலை இல்லை. பள்ளியில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கும்போது ஆறு டேப்லெட்டும் தேவையில்லை. அளவீடுகளை மாணவர்கள் களத்தில் குறிப்பேட்டில் எழுதிவந்து, ஆய்வகக் கணினியில் விரிதாளில் ஏற்றலாம். அளக்கும் இடத்திலேயே கையால் எழுதும் பழக்கமும் அறிவியல்தான். மாறாக, நீங்கள் விட்டுவிட்ட சிறு செலவுகளைச் சேருங்கள். அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மீட்டர் வாங்கினால், அதன் அளவைச் சரிபார்த்துச் சீர்செய்யப் பஃபர் கரைசல்கள் வேண்டும், நீரில் தோய்க்கும் மின்முனையை ஈரமாகவே வைத்திருக்கச் சேமிப்புக் கரைசல் வேண்டும், ஓரிரு ஆண்டுகளில் மாற்ற வேறொரு மின்முனையும் வேண்டும். பல பள்ளிகளின் ஆய்வக அலமாரிகளில் உலர்ந்து வெளுத்த முனையோடு பி.எச். மீட்டர்களைப் பார்த்திருக்கிறேன். கருவிக்குப் பணம் கிடைத்தது, நூறு ரூபாய்க் கரைசலுக்குக் கிடைக்கவில்லை என்பதே அவை ஒவ்வொன்றின் பின்னாலும் உள்ள கதை. மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை இத்தகைய நுகர்பொருள்களுக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்குங்கள். விலைகளை ஜி.எஸ்.டி. உட்பட எழுதி, மூன்று விலைப்புள்ளிகளை இணைத்துவிடுங்கள். இவ்வளவையும் செய்தால் உங்கள் தேவை பாதிக்கும் கீழே வந்துவிடும் என்பது என் கணிப்பு.

யாரிடம் கேட்பது? 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்பவற்றில் ஒன்றையேனும் எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பணிகளின் பட்டியலில் இருக்கிறது. தாம் தொழில் நடத்தும் இடத்துக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எனவே மும்பை முகவரிக்கு எழுதுவதைவிட, ஓசூரிலும் உங்கள் மாவட்டத்திலும் ஆலை வைத்திருக்கும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பிரிவுக்கு எழுதுவது பலன் தரும். நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால், புதிய ஆண்டின் ஒதுக்கீடு முடிவாகும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் கருத்துரு அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். நீங்கள் பிப்ரவரியில் அனுப்பியிருக்கிறீர்கள். பதில் வராததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் இதற்கென்றே அமைந்த வழி. நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் அதன் தளம் மூலம் அரசுப் பள்ளிகளுக்கு உதவலாம். உங்கள் தேவையைத் தலைமை ஆசிரியர் வழியாக அதில் பதியச் செய்யுங்கள். மத்திய, மாநில அரசுகளின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா வழங்கும் பள்ளி மானியமும் இருக்கிறது. மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஆண்டுக்கு 10,000 ரூபாய் முதல் 1,00,000 ரூபாய் வரை என அது வகுக்கப்பட்டது. முழுத் திட்டத்துக்கும் அதை எதிர்பார்க்க முடியாது என்றாலும் கரைசல்களுக்குக் கேட்டுப் பார்க்கலாம். மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் விருதில் தேர்வாகும் மாணவரின் வங்கிக் கணக்குக்கே 10,000 ரூபாய் செல்லும். அது அந்த மாணவரின் சொந்த யோசனையை மாதிரியாகச் செய்வதற்கான தொகை. வகுப்புத் திட்டத்துக்கு அதைத் திருப்பக் கூடாது. மாணவர்கள் தாங்களே கருவிகளைச் செய்து பழகும் அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கு 20 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. ஆனால் அது பள்ளி முழுமைக்கும் உரிய வேறு அளவிலான முயற்சி. இந்தக் கருத்துருவோடு அதைக் கலக்காதீர்கள். வெளிநாட்டு அறக்கட்டளைகளின் ஆசிரியர் மானியங்களைப் பொறுத்தவரை, அவற்றில் பெரும்பாலானவை அந்தந்த நாட்டுப் பள்ளிகளுக்கு மட்டுமே உரியவை. கிடைத்தாலும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் பெற முடியாது.

சமூக ஊடகத்தில் நிதி திரட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 உங்களுக்குப் பொருந்தும். முன் அனுமதியின்றி நன்கொடை திரட்டுவதற்கு அவை இடம் கொடுப்பதில்லை. ஓர் ஆசிரியர், மிக நேர்மையானவர், முன்னாள் மாணவர்கள் அனுப்பிய தொகையைத் தன் கைப்பேசி எண்ணிலேயே பெற்று நான்கு ஒலிபெருக்கிகள் வாங்கினார். ரசீதுகள் எல்லாம் அவரிடம் இருந்தன. ஆனாலும் ஒரு புகார் எழுந்தபோது விளக்கக் கடிதம் எழுதியே ஓராண்டு கழிந்தது. அதன் பிறகு அவர் எந்தத் திட்டத்துக்கும் முன்வரவில்லை. ஒரு நல்ல ஆசிரியரை நாம் இழக்கும் வழி இது. பணம் எதுவாயினும் பள்ளியின் பெயரில் உள்ள கணக்குக்கே வர வேண்டும். பொருளாக வந்தால் அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

அதற்கான முறையான தொடக்கம் பள்ளி மேலாண்மைக் குழுதான். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அக்குழுவின் கடமை. உங்கள் திட்டத்தை அடுத்த கூட்டத்தில் விளக்கி, வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்து, தீர்மானம் நிறைவேற்றுங்கள். குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். அவர்கள் வீட்டுக் கிணறுகளில்தான் நீங்கள் நீர் எடுக்கப்போகிறீர்கள். தீர்மானத்தின் நகலையும், தலைமை ஆசிரியரின் பரிந்துரையையும், முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகப் பெற்ற அனுமதியையும் இணையுங்கள். மாணவர்களின் படங்களையும் பெயர்களையும் நிறுவனத்துக்கு அனுப்புவதாக இருந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெறுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. வீட்டுக்காரரின் பெயரோடு கிணற்றின் முடிவை வெளியிடாமல், எண் கொடுத்துக் குறிப்பிடுங்கள்.

பயனை எப்படி அளப்பீர்கள் என்ற கேள்விக்கு ‘மாணவர்களின் ஆர்வம் அதிகரிக்கும்’ என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். ஆர்வத்தை அளப்பது கடினம். தொடங்கும் முன் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு, முடிந்த பின் அதே தேர்வு, ஒவ்வொரு குழுவும் வரைந்த ஒரு வரைபடம் ஆகிய மூன்றும் போதும். பணம் உரிய வகையில் செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை எந்த மாதத்தில் அளிப்பீர்கள் என்பதையும் கருத்துருவிலேயே சொல்லிவிடுங்கள்.

மறுத்த நிறுவனத்துக்கு நன்றி தெரிவித்து, மறுப்புக்கான காரணத்தைக் கேட்டு ஒரு சிறு கடிதம் எழுதுங்கள், பெரும்பாலும் சொல்வார்கள். நிதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு டி.டி.எஸ். மீட்டரும் பி.எச். தாளும் இப்போதே வாங்கக்கூடிய விலையில் கிடைக்கும். வரும் அக்டோபரில் மழை பிடிப்பதற்கு முன் ஐந்து கிணறுகளையும், ஜனவரியில் அதே ஐந்தையும் அளக்கச் செய்யுங்கள். மாணவர் கையெழுத்தில் உள்ள அந்த ஒரு பக்க அட்டவணையை அடுத்த ஏப்ரலில் அனுப்பும் கருத்துருவின் முதல் இணைப்பாக வையுங்கள்.