விற்காமல் போன அறை

அன்புள்ள சார்,

பட்டப்படிப்பு இறுதி ஆண்டில் இருக்கிறேன். அடுத்து ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கலாமா என்று யோசனை. விசாரிக்கப் போன கல்லூரியில், 'சுற்றுலா வளர்கிற துறை, வேலைக்குப் பஞ்சமே கிடையாது' என்றார்கள். வீட்டில், 'தட்டு தூக்குற வேலைக்கு எதுக்கும்மா படிப்பு' என்கிறார்கள். எழுத வருவதற்கு முன் ஹோட்டலில் வேலை பார்த்ததாக நீங்கள் ஒருமுறை குறிப்பிட்டிருந்தீர்கள். யார் சொல்வதைக் கேட்பது?

கே.

அன்புள்ள கே.,

வேலைக்குப் பஞ்சமில்லை என்பது உண்மைதான். ஏன் பஞ்சமில்லை என்று கல்லூரியில் சொன்னார்களா? புதிதாக ஹோட்டல்கள் திறக்கிறார்கள், சரி. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் ஒன்றிரண்டு வருடத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதும் ஒரு காரணம். ஆள் தேவை விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

'வளர்கிற துறை' என்பதையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். உலகம் முழுவதும் சேர்த்து 2019இல் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணங்கள் சுமார் 146 கோடி. 2020இல் அது 40 கோடி அளவுக்கு விழுந்தது. 2024இல் மறுபடி 140 கோடியைத் தொட்டது. பயணிகள் திரும்பி வந்துவிட்டார்கள். என்னுடன் வேலை பார்த்தவர்களில் பலர் திரும்பவில்லை. அதற்குள் வேறு பிழைப்பைப் பார்த்துக்கொண்டுவிட்டார்கள். ஏறுவது மெதுவாக, சரிவது ஒரே மாதத்தில் என்கிற துறை இது. தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

நான் பார்த்தது நைட் ஆடிட் வேலை. ஹோட்டலில் நள்ளிரவு 12 மணிக்குத் தேதி மாறாது. அன்றைய கணக்கெல்லாம் சரிபார்த்து, இரவு இரண்டு மூன்று மணிக்கு ஆடிட்டர் கணினியில் அந்த நாளை முடித்துவைத்தால்தான் அங்கே மறுநாள் பிறக்கும். தினமும் அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையில் ஓர் எண் தெரியும்: இன்று விற்காத அறைகள். கடையில் விற்காத சட்டையை நாளைக்கு விற்கலாம். விற்காத இரவை யாருக்கும் விற்க முடியாது. இந்தத் தொழிலின் பைத்தியக்காரத்தனங்கள் பாதிக்கு மேல் இந்த ஓர் எண்ணிலிருந்துதான் கிளம்புகின்றன.

அந்தப் பயத்தில்தான் ஹோட்டல்கள் இருக்கிற அறைகளைவிடக் கூடுதலாகப் பதிவு செய்கின்றன. நாலு பேர் வராமல் போவார்கள் என்பது கணக்கு. ஒரு நாள் எல்லோரும் வந்துவிட்டார்கள். இரவு ஒன்றரை மணிக்குக் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் என் முன்னால் நிற்கிறது, அறை இல்லை. நான் கணினியையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தேன், அதில் அறை முளைத்துவிடும் என்பதுபோல. பக்கத்தில் இருந்த டிரெய்னிப் பெண் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போனார். 'அறை இல்லை, தவறு எங்களுடையது' என்று முதலிலேயே சொன்னார். குழந்தைக்குப் பால் சூடாக்கச் சொல்லிவிட்டு, பக்கத்து ஹோட்டலில் எங்கள் செலவில் அறை பிடித்து, காரையும் வரவழைத்தார். இருபது நிமிடம். அந்த இடத்தில் சமாளிக்கும் புத்தியைப் பாடப்புத்தகத்தில் நான் பார்த்ததில்லை.

அவர் பிறகு ரெவின்யூ மேனேஜ்மென்ட் பக்கம் போய்விட்டார். இந்தப் பெயரை உங்கள் வீட்டார் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எந்த நாளுக்கு, எந்த அறையை, யாருக்கு, என்ன விலைக்கு விடுவது என்று தீர்மானிக்கிற வேலை. 1978இல் அமெரிக்காவில் விமானக் கட்டணக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு விமான நிறுவனங்கள் வளர்த்தெடுத்த முறை இது. அப்புறம் ஹோட்டல்களும் பிடித்துக்கொண்டன. எண்களோடு உங்களுக்கு ஒத்துப்போகும் என்றால் அந்தப் பக்கம் பாருங்கள். கடிதத்தில் நீங்கள் எந்தப் பாடத்தில் பட்டம் என்று எழுதவில்லை. கணிதமோ வணிகவியலோ என்றால், மேற்படிப்பு இல்லாமலேயே உள்ளே நுழைய வழி உண்டு. விற்பனை, விழா ஏற்பாடு, கணக்கு, ஆள் தேர்வு என்று விருந்தினர் கண்ணில் படாத வேலைகள் நிறைய இருக்கின்றன.

தட்டு தூக்குவதைப் பற்றி. ஆமாம், தூக்க வேண்டியிருக்கும். சீசர் ரிட்ஸ் என்பவர் சுவிட்சர்லாந்தின் குக்கிராமம் ஒன்றில் 13ஆவது பிள்ளையாகப் பிறந்து, உணவு பரிமாறும் வேலையில் தொடங்கி, 1898இல் பாரிஸில் தன் பெயரிலேயே ஹோட்டல் திறந்தார். கல்லூரிக்காரர்களுக்கு மிகவும் பிடித்த கதை. எத்தனை பரிமாறுபவர்களுக்கு ஒரு ரிட்ஸ் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆனால் அடிமட்டத்தில் சேர்ந்தவர் பொது மேலாளர் நாற்காலி வரை போவது இந்தத் துறையில் இன்றும் அதிசயமில்லை. தட்டு தூக்கியிருக்காத மேலாளரைச் சமையலறை ஒரு வாரத்தில் எடைபோட்டுவிடும் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால், யோசிக்க வேண்டியது நேரத்தைப் பற்றித்தான். காலையில் நாலைந்து மணி நேரம், மதியம் இடைவெளி, மாலையிலிருந்து மறுபடி இரவு வரை என்று பிரேக் ஷிஃப்ட் போடுவார்கள். மற்றவர்களுக்கு விடுமுறை என்றால் உங்களுக்கு அன்றுதான் கூட்டம். அறைகளைச் சுத்தம் செய்யும் ஹவுஸ்கீப்பிங்கில் ஒரு ஷிஃப்டில் ஒருவருக்குப் பதினான்கு, பதினைந்து அறைகள்கூட வரும், முதுகு போய்விடும். எனக்கு ஆறு வருடத்துக்கு மேல் தாங்கவில்லை. தாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ரசித்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. மாரியட், ஹில்டன் மாதிரிப் பெரிய பெயர்களைத் தாங்கிய கட்டடங்களில் பெரும்பாலானவை அந்த நிறுவனங்களுக்குச் சொந்தமில்லை. பெயர் ஒருவருடையது, கட்டடம் வேறொருவருடையது. பெயரை மட்டும் உரிமம் வாங்கி நடத்தும் இடமென்றால் சம்பளம் தருபவர் உள்ளூர் உரிமையாளர்தான். ஆகவே வேலைக்கான கடிதம் வரும்போது தலைப்பில் உள்ள சின்னத்தைப் பார்த்து மயங்காமல், கடைசியில் எந்த நிறுவனத்தின் பெயரில் கையெழுத்து என்று படித்துப் பாருங்கள்.

கல்லூரிக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கூட்டம் அதிகமாக இருக்கும் பருவத்தில், ஏதாவது ஒரு ஹோட்டலில் இரண்டு மாதம் தற்காலிக வேலைக்குச் சேருங்கள். வரவேற்பு மேசை கேட்காதீர்கள், ஹவுஸ்கீப்பிங்கோ விருந்துக் கூடமோ போதும். எட்டாவது வாரம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். கால்வலியைப் பற்றியும் எழுதுங்கள்.