கோபத்துக்கு ‘ஆன்’ வராது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் ‘ஐ ஆம் ஆங்ரி ஆன் மை பிரதர்’ என்ற வாக்கியத்தைச் சரியானது என்று குறித்து மதிப்பெண்ணை இழந்தேன். உணர்ச்சியைச் சொல்லும் பெயரடைகளுக்குப் பின் எந்த பிரிபொசிஷன் (முன்னிடைச்சொல்) வரும் என்பதற்கு விதி உண்டா, அல்லது எல்லாமே மனப்பாடம்தானா?
– வாசகி ஒருவர், திருமங்கலம்

பதில்: பெரும்பகுதி மனப்பாடம்தான். ஆனால் நம் பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்பது தெரிந்துவிட்டால், மனப்பாடம் செய்ய வேண்டியதில் பாதி குறைந்துவிடும். தமிழில் தம்பி மேல் கோபம், பக்கத்து வீட்டார் மேல் பொறாமை, ஏழைகள் மேல் இரக்கம், பேரன் மேல் பாசம் என்று எல்லாவற்றுக்கும் ‘மேல்’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். ஆங்கிலம் எழுதும்போது அந்த ‘மேல்’ நம்மை அறியாமலே ‘ஆன்’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த நான்கில் ஒன்றுகூட ‘ஆன்’ ஏற்பதில்லை: ‘ஆங்ரி வித்’, ‘ஜெலஸ் ஆஃப்’, ‘சாரி ஃபார்’, ‘ஃபாண்ட் ஆஃப்’ என்றே வரும். விருப்பத்தைக் குறிக்கும் ‘கீன் ஆன்’ போன்ற மிகச் சிலவற்றைத் தவிர, உணர்ச்சிப் பெயரடைக்குப் பின் ‘ஆன்’ எழுத வருகிறது என்றால் பேனாவை ஒரு நொடி நிறுத்துங்கள்.

கோபத்தில் ஆளையும் காரணத்தையும் ஆங்கிலம் பிரித்துப் பார்க்கிறது. மாட்டுத்தாவணியில் பேருந்து தாமதமாகப் புறப்பட்டதற்காக ஒருவர் நடத்துநரைக் கோபித்துக்கொண்டால், ‘ஹி வாஸ் ஆங்ரி வித் த கண்டக்டர் அபௌட் த டிலே’ என்று எழுதலாம். ஆளுக்கு ‘வித்’, விஷயத்துக்கு ‘அபௌட்’. ஆளுக்கு ‘ஆங்ரி அட்’ என்று எழுதுவதும், குறிப்பாக அமெரிக்க வழக்கில், இயல்பானதே. ‘அட்’ என்பதைப் பிழை என்று சிவப்பு மையால் சுழிக்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கண்டிப்பு தேவையற்றது என்பது என் கருத்து.

அச்சத்தின் கதை இன்னும் சுவையானது. அச்சத்தைக் குறிக்கும் சொல் எந்த வேற்றுமையை ஏற்கும் என்ற கேள்வி தொல்காப்பியரையே நிறுத்திய ஒன்று. இரண்டாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் அதற்குப் பொருந்தும் என்று அவர் தனியாகவே ஒரு நூற்பாவில் சொல்லிவிட்டுப் போகிறார். இன்றைய பேச்சில் நாம் ‘பாம்புக்குப் பயந்து’ என்று நான்காம் வேற்றுமையையும் சேர்த்துக்கொண்டோம். அந்தக் ‘கு’ உருபை ‘ஃபார்’ என்று பெயர்த்தால் பொருளே புரண்டுவிடும். அலங்காநல்லூர் வாடிவாசலுக்கு மகனை அனுப்பிவிட்டு நிற்கும் தாய், காளையைக் கண்டு அஞ்சினால் ‘அஃப்ரெய்ட் ஆஃப் த புல்’. மகனுக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சினால் ‘அஃப்ரெய்ட் ஃபார் ஹெர் சன்’. இரண்டையும் மாற்றி எழுதினால் தாய் மகனுக்கே நடுங்குவதாகவும், காளையின் நலனுக்காகக் கவலைப்படுவதாகவும் ஆகிவிடும். ‘ஸ்கேர்ட்’, ‘டெரிஃபைட்’ ஆகியவையும் அஞ்சப்படும் பொருளுக்கு ‘ஆஃப்’ ஏற்கும். ‘ப்ரௌட்’, ‘அஷேம்ட்’ இரண்டும் அவ்வாறே. ‘வொரீட்’, ‘எக்ஸைட்டட்’ ஆகியவற்றுக்கு ‘அபௌட்’ பொதுவாகப் பொருந்தும்.

எந்த முன்னிடைச்சொல் வந்தாலும் அதன் பின் வரும் வினை ‘இங்’ வடிவில்தான் இருக்க வேண்டும் என்பதையும், தேர்வில் அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால், குறித்துக்கொள்ளுங்கள்: ‘அஃப்ரெய்ட் ஆஃப் லூசிங்’.

கேள்வி: துணிக்கடையில் கணக்கராக இருக்கிறேன். ஆடித் தள்ளுபடி விற்பனை முடிந்ததும், உடல் அசதியாக இருந்ததால், ‘ஐ ஆம் டயர்ட் ஆஃப் மை வொர்க்’ என்று எழுதி இரண்டு நாள் விடுப்புக் கேட்டேன். மேலாளர் என்னை அழைத்து, வேலையை விட்டு நிற்கப் போகிறாயா என்று கேட்டுவிட்டார். நான் எழுதியதில் என்ன குறை?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: மேலாளர் சரியாகவே படித்திருக்கிறார். ‘டயர்ட் ஆஃப்’ என்பது சலிப்பையும் வெறுப்பையும் குறிக்கும். உடல் களைப்புக்கு ‘டயர்ட் ஃப்ரம்’ வேண்டும். யானைமலை ஏறி இறங்கியவர் ‘டயர்ட் ஃப்ரம் த கிளைம்ப்’. ஆண்டுதோறும் அதே மலைக்கு அழைத்துச் செல்லப்படும் அவருடைய மகன் ஒருவேளை ‘டயர்ட் ஆஃப் யானைமலை’.

முன்னிடைச்சொல் மாறினால் உணர்ச்சியே மாறும் இடங்கள் இன்னும் உண்டு. சம்பள உயர்வு கிடைத்து உங்களுக்கு மனநிறைவு என்றால் ‘ஹேப்பி வித்’. உயர்வு கிடைத்தது உங்கள் நண்பருக்கு, மகிழ்ச்சி உங்களுக்கு என்றால் ‘ஹேப்பி ஃபார் ஹிம்’. ‘டிசப்பாயின்டட்’ என்ற சொல்லில் கவனம் தேவை. மதிப்பெண்ணில் ஏமாற்றம் என்றால் ‘வித்’ போதும். ‘ஐ ஆம் டிசப்பாயின்டட் இன் யூ’ என்று ஒருவரிடம் சொன்னால், உன்னை நம்பினேன், நீ அதற்குத் தகுதியாக நடக்கவில்லை என்ற கடுமை அதில் ஏறிவிடுகிறது. உடன் பணிபுரிபவருக்கு எழுதும் கடிதத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: என் மகள் ‘போர்ட் ஆஃப்’ என்கிறாள். நான் படித்த காலத்தில் ‘போர்ட் வித்’தான். யார் சொல்வது சரி?
– வாசகி ஒருவர், மேலூர்

பதில்: ‘வித்’, ‘பை’ இரண்டும் நிலைபெற்றவை. ‘ஆஃப்’ பிற்காலத்து வழக்கு; இளைஞர் பேச்சில் பரவலாகக் கேட்கிறது, இலக்கணத்தில் கண்டிப்பானவர்கள் ஏற்பதில்லை. வீட்டில் மகள் விருப்பப்படி பேசட்டும். தேர்வுத்தாளில் உங்கள் ‘வித்’தையே எழுதச் சொல்லுங்கள்.