குளத்தில் உள்ள தங்கமீன்கள் குளிர்காலத்தைத் தாங்குமா? நாம் என்ன செய்ய வேண்டும்?

தாங்கும். மேலே பனிக்கட்டி மூடினாலும் தாங்கும், குளம் ஆழமாக இருந்தால். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். அதனால் அந்தத் தண்ணீர் அடியில் தங்கிவிடும், அதைவிடக் குளிர்ந்தது மேலே நின்று உறையும். குறைந்தது இரண்டரை அடி ஆழம் வேண்டும். கடுங்குளிர் பகுதி என்றால் மூன்று, நான்கு அடி இருப்பது நல்லது. மீன்கள் அடியில் போய் அசையாமல் கிடக்கும். உயிர் இருக்கிறதா என்று குச்சியால் தொட்டுப் பார்க்காதீர்கள், பாவம். அவை மிச்சம் பிடித்து வைத்திருக்கும் தெம்பு அதிலேயே போய்விடும்.

என் குளத்தை வைத்துச் சொல்கிறேன், குளிரைவிட எனக்கு அதிகக் கவலை தருவது அழுகல்தான். இலையுதிர் காலத்திலேயே குளத்தின் மேல் வலை கட்டிவிடுவேன், உள்ளே விழுந்த சருகுகளையும் அள்ளிவிடுவேன். அடியில் சருகு மக்கும்போது ஆக்சிஜன் குறையும், கெட்ட வாயுக்கள் சேரும். பனிக்கட்டி முழுதாக மூடிக்கொண்டால் அவை வெளியேற வழியில்லை. ஆகவே ஓரிடமாவது திறந்திருக்க வேண்டும். அதற்கென்றே மிதக்கும் ஹீட்டர் கிடைக்கிறது. இல்லையென்றால் வெந்நீர் ஊற்றிய பாத்திரத்தைப் பனிக்கட்டி மேல் கொஞ்ச நேரம் வையுங்கள், அந்த இடம் உருகிவிடும். சுத்தியலால் மட்டும் உடைக்கவே உடைக்காதீர்கள். அந்த அதிர்வு தண்ணீர் வழியாக நேரே மீனைத் தாக்கும்.

ஏர் பம்ப் போடுபவர்கள் ஏர் ஸ்டோனை (காற்றைக் குமிழ்களாக வெளிவிடும் நுண்துளைக் கல்) மேல்மட்டத்திலேயே தொங்கவிடுங்கள். அடியில் வைத்தால் அங்கே இருக்கும் கொஞ்ச வெதுவெதுப்பும் மேலே கலந்து போய்விடும்.

அப்புறம் தீனி. பாசத்தில் பலரும் தடுமாறுவது இங்கேதான். தண்ணீர் குளிரக் குளிர மீனுக்குச் செரிமானம் மந்தமாகும். 15 டிகிரிக்குக் கீழே வந்ததும் அளவைக் குறைத்து, எளிதில் செரிக்கும் கோதுமை முளைத் தீவனத்துக்கு மாறுங்கள். 10 டிகிரிக்குக் கீழே போனால் முழுக்க நிறுத்திவிடுங்கள். நடுவில் ஒருநாள் வெயில் அடித்து மீன் மேலே வந்து வாயைத் திறந்தாலும் போடாதீர்கள். மறுநாள் குளிர் திரும்பினால் தின்றது செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும். உடம்பில் சேர்ந்த கொழுப்பை வைத்தே அவை மாதக்கணக்கில் ஓட்டிவிடும். தண்ணீரில் ஒரு வெப்பமானி போட்டுவைத்தால் குழப்பமே இல்லை.

இதெல்லாம் காமெட், ஷுபுன்கின் போன்ற நீள உடம்பு ரகங்களுக்குத்தான். ஒராண்டா, ரான்சூ, பிளாக் மூர் மாதிரி உருண்டை ரகங்கள் வைத்திருந்தால், கடுங்குளிர் வருமுன் வீட்டுக்குள் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும்போது குளத்துத் தண்ணீரோடு ஒரு வாளியில் எடுத்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வெப்பநிலை ஒன்றான பிறகு விடுங்கள்.

வசந்தத்தில் தண்ணீர் 10 டிகிரிக்கு மேல் நிலையாக நின்ற பிறகு, சிறிது சிறிதாகத் தீனியைத் தொடங்குங்கள். அந்தச் சில வாரங்களில் மீனின் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருக்கும். உடம்பில் புண், வெள்ளைப் படலம் ஏதாவது தெரிகிறதா என்று தினமும் ஒரு பார்வை பாருங்கள்.